மாமா குடித்த பப்பாளி விதை

மருத்துவர் அதைச் சொன்னபோது அந்த அறையில் அக்கா இருந்தாள், அம்மா இருந்தார், அம்மாவின் மடியில் பிறந்து ஒன்றரை மாதமான குழந்தை இருந்தது. நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நான் நின்றேன். அக்காவின் மூத்த பிள்ளைகள் இருவரும் பள்ளியில். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமா இல்லை. அக்காவின் கணவரைத்தான் நான் மாமா என்று கூப்பிடுவேன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பாரம் ஏற்றி இறக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டினால், இருட்டிய பிறகுதான் மலேசியாவில் உலு திராம் வீட்டுக்குத் திரும்புவார். குழந்தை பிறந்த அன்றும் அவர் பாலத்தில்தான் நின்றிருந்தார், முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல்.

மருத்துவர் மலாய்க்காரப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவர் மலாயில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்காகத் தமிழில் சொன்னேன். பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் ஏறி அக்காவுக்கு வலிப்பு கண்டிருந்தது. இன்னொரு முறை கருவுற்றால் அது மறுபடியும் வரலாம். அந்த முறை தாயைக் காப்பாற்றிவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதைத் தமிழில் சொல்லும்போது நான் ‘தாய்’ என்று சொல்லவில்லை, ‘இந்த மாதிரி உள்ளவங்க’ என்று சொன்னேன். அக்கா எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வழிகளைச் சொன்னார். சாதாரணக் கருத்தடை மாத்திரை அக்காவின் இரத்த அழுத்தத்துக்கு ஆகாது. கையில் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் குச்சி இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் இருக்கிறது, ஊசி இருக்கிறது, கருக்குழாயை நிரந்தரமாகக் கட்டிவிடவும் செய்யலாம். அக்கா ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஊசி போட்டு மாதக்கணக்கில் உதிரம் நிற்காமல், சட்டைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக் கேட்டு அவமானப்பட்டவள் அவள்.

“எல்லாருக்கும் அப்படி ஆகாது. குச்சியும் சாதனமும் ஊசி மாதிரி இல்லை, கட்டுவதில் அந்தத் தொல்லையே கிடையாது” என்றார் மருத்துவர்.

“எனக்கு ஆச்சே டாக்டர்” என்று மலாயில் சொன்ன அக்கா, எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்தாள். “மூணு புள்ள பெத்தாச்சு. கிழிச்சித் தச்சாச்சு. ஊசியும் போட்டாச்சு. இந்த வீட்டுல என்னத் தவிர வேற ஒடம்பே இல்லையா?”

மருத்துவர் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்பதுபோல.

“கணவரோடு பேசிவிட்டுச் சொல்கிறாராம்” என்றேன்.

காரில் திரும்பும்போது அம்மா கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மூன்று ஆமணக்கு முத்துகள் இருந்தன. அம்மா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பிள்ளை பெற்ற முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் பல்லில் படாமல் முழுசாக ஒரு முத்தை விழுங்குவது அவர்கள் லயத்துப் பெண்களின் வழக்கம். ஒரு முத்துக்கு ஒரு வருடம் பிள்ளை நிற்காது என்பது கணக்கு.

“முப்பதன்னைக்கே குடுத்திருக்கணும். இவ காய்ச்சல்ல கெடந்தா, மறந்துட்டேன்” என்றார் அம்மா.

“உங்களுக்கு வேலை செஞ்சிச்சாம்மா?” என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“செய்யாமயா? ஒங்கக்காவுக்கும் ஒனக்கும் நடுவுல ஏழு வருசம்.”

பின் இருக்கையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். “ஏம்மா, அந்த ஏழு வருசமும் அப்பா எங்க இருந்தாரு?”

“மெர்சிங் பக்கம். பலகை லோரி ஓட்டிக்கிட்டு.”

“வீட்டுக்கு எப்ப வருவாரு?”

“தீபாவளிக்கு வருவாரு. அப்புறம்… ரோட்டுல தண்ணி ஏறுனா லோரி ஓடாது, அப்ப வருவாரு.”

“அப்ப ஆமணக்கு வேலை செஞ்சிச்சா, லோரி வேலை செஞ்சிச்சா?”

“வாய மூடுடி. தம்பி முன்னாடி பேசற பேச்சா?” என்றார் அம்மா. ஆனால் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ஆமணக்கு முத்துக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடையாமல் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடிபட்டால் உயிருக்கே ஆபத்து. பல்லில் படாமல் என்ற நிபந்தனை எதற்காக வந்தது என்று படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. விழுங்கிச் செத்தவர்கள் யாரும் இல்லையா என்று அம்மாவைக் கேட்டேன். “செத்தவங்க எப்படிடா வந்து சொல்வாங்க?” என்றார்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனது எங்களைச் சேர்க்கத்தான். அக்கா படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, தொழிற்சாலைக்குப் போனாள், என் பேருந்துக் காசும் அவள் சம்பளத்தில்தான். நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, பாசிர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். தொட்டியிலிருந்து எடுத்து வரும் எண்ணெயைப் பரிசோதித்து, அனுப்பலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. வீட்டில் அந்தப் பட்டம் தண்ணீர்க் கட்டணக் கடிதத்தைப் படிக்கவும், மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைச் சொல்லவும்தான் பயன்பட்டுவந்தது.

மருத்துவர் சொன்னதை மாமாவிடம் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. எங்கள் குடும்பங்களில் மைத்துனனும் மாமாவும் மோட்டார் சைக்கிள் பேசலாம், பந்து விளையாட்டு பேசலாம். இதைப் பேசுவதில்லை. நானோ கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மாமா வழக்கம்போல் தே ஓ கொசொங் சொன்னார், பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர்; கொசொங் என்றால் மலாயில் வெறுமை, பூஜ்யமும் அதுதான். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா கடைசியில் கேட்டதையும் சொன்னேன்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

“வேற ஒடம்பே இல்லையான்னா கேட்டுச்சு?”

“ஆமா மாமா. அப்படித்தான் கேட்டுச்சு.”

எழுந்தார். ரொட்டிக்கும் அவரே காசு கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு நான் போனபோது சமையலறையில் மாமா நின்றுகொண்டிருந்தார். முன்னால் பாதியாக வெட்டிய பப்பாளி. சதையைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டு, கறுப்பு விதைகளை ஒரு கிண்ணத்தில் வழித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், சரியான நேரத்துக்கு வந்த. இது ஆம்பள குடிக்கிற மருந்து. காலைல வெறும் வயித்துல. நிறுத்துனா பழையபடி ஆயிரும். ஊசி கெடையாது, கத்தி கெடையாது. மூவார் ஊர்க்காரரு இருக்காருல்ல, என்கூட பாலத்துல வருவாரே, அஞ்சு வருசமா குடிக்கிறாரு. புள்ளயே இல்ல.”

“அவரே சொன்னாரா?”

“இல்ல, அவரு வீட்டுப் பூனை சொல்லுச்சு. அவருதான் லா சொன்னாரு. நீ படிச்சவன், இது நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு. நான் ஆரம்பிச்சிட்டேன்.”

“பாத்துச் சொல்றதுக்கு முன்னாடியேவா?”

“நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு பொறந்துரும்.”

அவர் விதையைத் தேனோடு அரைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கடுகும் மிளகும் சேர்ந்த காரம் சமையலறை முழுக்க அடித்தது. அக்கா வாசற்படியில் குழந்தையோடு நின்று அதைப் பார்த்தாள். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. எங்கள் சொந்தத்தில் இந்த விஷயத்துக்காக ஓர் ஆண் ஒரு கரண்டி கசப்பைக் குடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து படித்தேன். காசில்லாமல் திறந்துவைத்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளே நிறைய கிடைத்தன. பப்பாளி விதை வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பது முதலில் ஆச்சரியமாக இருந்தது. எலிகளுக்கும் முயல்களுக்கும் ஒரு வகைக் குரங்குகளுக்கும் அந்த விதையிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விந்தணுக்கள் குறைந்திருக்கின்றன, ஓட்டம் நின்றிருக்கிறது, கொடுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்திருக்கின்றன. மூவார்க்காரர் சொன்னதில் பாதியை ஆராய்ச்சியாளர்களும் சொல்லியிருந்தார்கள். வேப்பெண்ணெயைக் கண்ணாடித் தட்டில் விட்டால் விந்தணு சாவதையும் பார்த்திருந்தார்கள். செம்பருத்திப் பூவின் சாறு எலிகளில் கரு ஒட்டுவதைத் தடுத்ததாகவும் எழுதியிருந்தார்கள். வீட்டு வாசலில் நிற்கும் செடிகளெல்லாம் கட்டுரைகளில் நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் மேலும் படிக்கப் படிக்க மனிதர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இத்தனை ஆண்கள் குடித்தார்கள், இத்தனை மாதம் குடித்தார்கள், அவர்கள் மனைவிமாரில் இத்தனை பேர் கருவுறவில்லை என்று நம்பிச் சொல்லக்கூடிய ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. குரங்குக்குக் கொடுத்தது அரைத்த விதையும் இல்லை. ரசாயனத்தில் ஊறவைத்துப் பிரித்தெடுத்த ஒரு பகுதி, எடைக்குத் தக்க அளவில். மாமா குடித்ததோ பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் மக்சிக் கொடுத்த பப்பாளி ஒரு வாரம், பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது மறு வாரம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொட்டி எண்ணெய் நன்றாக இருந்தால் அந்தத் தொட்டிக்குத்தான் கையெழுத்துப் போடுவோம்; பக்கத்துத் தொட்டிக்குப் போடமாட்டோம். பப்பாளி ஒவ்வொன்றும் ஒரு தொட்டி. அளவுக்கு மேல் போனால் அந்த விதை உடம்புக்கு என்ன செய்யும் என்பதும் தெளிவாக இல்லை.

இதை மாமாவிடம் சொன்னேன்.

“கொரங்குக்கு வேலை செஞ்சிச்சுன்னு நீயே சொல்ற” என்றார் அவர்.

“குரங்குக்குத்தான் மாமா.”

“நாம மட்டும் எங்கேருந்து வந்தோம்?”

“அதுக்குக் குடுத்தது வெதை இல்ல. வெதைலேருந்து பிரிச்செடுத்தது. அளவு வெச்சு.”

“அப்ப அளவச் சொல்லு.”

“மனுசனுக்கு அந்த அளவு யாருக்குமே தெரியாது மாமா. அதான் சொல்றேன்.”

“இவ்ளோ படிச்சிட்டு தெரியாதுன்னு சொல்றதுக்கா போன?” என்றார். கோபமில்லை. ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல் நடுவில் ஒரு பதில் இருக்கிறது என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. எனக்கும் அதை வீட்டுத் தமிழில் சொல்ல வரவில்லை. ‘ஆதாரம் இருக்கிறது, ஆனால் போதாது’ என்றால் ‘ஆதாரம் இருக்கிறது’ மட்டும்தான் காதில் விழுகிறது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வேலையைச் சொன்னேன். “பேசிக்கிட்டே இருக்க வேணாம் மாமா. டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம். விந்தணு உருவாகி முத்தறதுக்கு ரெண்டரை மாசம் ஆகும். மூணு மாசம் குடிங்க. அப்புறம் ஒரு லேப்ல குடுத்து எண்ணிப் பாப்போம். அதுவரைக்கும் வேற…” பாதுகாப்பு என்ற சொல்லை விழுங்கிவிட்டேன்.

“தெரியும் லா” என்றார் மாமா, வீட்டு முன்னால் ஓடும் சாக்கடையைப் பார்த்தபடி.

தெரியும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மருந்துக் கடையில் ஆணுறைப் பெட்டி ஒன்று வாங்கினேன். கல்லாவில் இருந்தவள் தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவள். “யாருக்கு?” என்று கேட்டாள். “எங்க மாமாவுக்கு” என்றேன். அதைவிட நம்ப முடியாத பதில் உலகத்தில் இருக்காது. அந்தப் பெட்டியை மாமாவின் மோட்டார் சைக்கிள் கூடையில் மழைச்சட்டைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை பார்த்தபோது அங்கே இல்லை.

மூன்று மாதமும் மாமா ஒரு நாள் விடாமல் குடித்தார். எழுந்ததும் அரவை இயந்திரம் ஓடும் சத்தத்தில் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று அக்கா அலுத்துக்கொள்வாள். பப்பாளி சாப்பிட்டுச் சாப்பிட்டு மூத்தவன் அந்தப் பழத்தைப் பார்த்தாலே ஓடினான்.

பரிசோதனைக் கூடம் ஜொகூர் பாருவில். மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், குளிரவும் கூடாது, வெயிலும் படக்கூடாது என்றார்கள். மாதிரியைக் கையாள்வது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அது எண்ணெய். சனிக்கிழமை உலு திராம் சாலையில் காரை நம்ப முடியாது. நான் மோட்டார் சைக்கிளை ஓட்ட, மாமா குப்பியைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் கோயில் கமிட்டி ஆள்.

“என்னங்க, மாமனும் மச்சானும் எங்க ஜோடியா கெளம்பிட்டீங்க? வயித்தப் புடிச்சிக்கிட்டு இருக்கீங்க, வலியா?”

“கேஸ்ட்ரிக்” என்றார் மாமா.

“பப்பாளி சாப்புடுங்க. நல்லா கேக்கும்.”

பச்சை விழுந்தது. நான் அதற்குமுன் அவ்வளவு வேகமாக அந்த வண்டியை ஓட்டியதில்லை.

சில நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், மாமா அறிக்கையை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். கையில் ஆறு பொட்டலம் ஆட்டுக்கறி பிரியாணி. முகமெல்லாம் பல்.

“மச்சான், எல்லாம் நார்மல்!”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எண்ணிக்கை நார்மல். ஓட்டம் நார்மல். வடிவம் நார்மல். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அந்தச் சொல் அச்சாகியிருந்தது. எங்கள் வீட்டில் மருத்துவ அறிக்கை என்றால் சீனியும் கொழுப்பும் இரத்த அழுத்தமும்தான். அப்பாவின் அறிக்கையில் கடைசிவரை ஒரு வரிகூட நார்மல் என்று வந்ததில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் எல்லோரும் பழகியிருந்தோம். விதை உடம்பைக் கெடுக்கவில்லை, புதிதாகப் பிள்ளையும் இல்லை, ஆகவே மருந்து பிடித்திருக்கிறது. மாமாவின் கணக்கு அதுதான். பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். நான் காகிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கினாள். இரண்டு முறை படித்தாள்.

“ஏங்க, நார்மல்னா எல்லா ஆம்பளைக்கும் இருக்கற மாதிரி இருக்குன்னுதானே அர்த்தம்?”

“ஆமா. அதான் சொல்றேன்ல.”

“புள்ள பெத்துக்கற ஆம்பளைக்கு இருக்கற மாதிரி.”

மாமா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “எனக்கு இந்த மாசம் இன்னும் வரலம்மா” என்றாள்.

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். கூடையில் நான் வைத்த பெட்டி காலியாவதற்கு முன்பே அவர் விதையை நம்பிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

நான் எழுந்து மருந்துக் கடைக்குப் போனேன். அதே கல்லா, அதே முகம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை ஒன்று கேட்டேன். இந்த முறை அவள் யாருக்கு என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அக்கா கழிப்பறைக்குள் போனாள். மாமா கதவுக்கு வெளியில் தரையில் உட்கார்ந்தார். கூடத்தில் பிள்ளைகள் முட்டைக்குச் சண்டை போட்டார்கள். அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ தூங்கிவிட்டிருந்தது. அந்த மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொன்னபோது நான் தவிர்த்த சொல் என் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

அக்கா வெளியே வந்தாள். “ஒரு கோடுதான்” என்றாள். கர்ப்பம் இல்லை.

மாமா எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, உள்ளங்கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவர் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “எந்திரிங்க. பிரியாணி ஆறுது” என்றாள். மறு வாரம் இன்னொரு பட்டையிலும் பார்த்தோம். அதிலும் ஒரே கோடு. தாய்ப்பால் கொடுக்கும்போது மாதம் இப்படித் தள்ளிப்போவது உண்டு என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை மாமா பாலத்தில் மூவார்க்காரரைப் பிடித்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தொலைபேசினார்.

“மச்சான், அந்த ஆளு பொண்டாட்டிக்கு ரெண்டாவது பிரசவத்துலயே கட்டிட்டாங்களாம்.”

“அப்ப எதுக்கு மாமா வெதை குடிக்கிறாரு?”

“அதத்தான் நானும் கேட்டேன். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்காம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுமுனையில் மாமாவும் சிரித்தார். பிறகு குரல் மாறியது.

“நீ அன்னைக்குச் சொன்னல்ல, டாக்டர் சொன்ன லிஸ்ட்டு. அதுல ஆம்பளைக்கு ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு மாமா. சின்ன ஆபரேசன். அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம்.”

“அதுக்கு எதுனா ஆதாரம் இருக்கா? இல்ல, அதுவும் கொரங்கா?”

“மனுசங்க மாமா. ரொம்ப காலமா, ரொம்பப் பேரு.”

“பாரம் தூக்க முடியாமப் போயிருமா?”

“போகாது.”

“மத்தது?”

“அதுவும் போகாது.”

“சரி. ஒங்கக்காகிட்ட நீ சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்.”

அரசாங்க மருத்துவமனையில் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மாமா காத்திருக்கத் தயாராக இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கிளினிக்கில் நாள் வாங்கினோம். அங்கே மருத்துவர் படம் வரைந்து காட்டினார். விந்தணு வரும் குழாயைத்தான் வெட்டிக் கட்டுவோம், மற்றதெல்லாம் வழக்கம்போல்தான், ஆனால் உடனே பலன் கிடைத்துவிடாது, சில மாதம் கழித்துப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரியும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும் என்றார். மாமா கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“புரிஞ்சிருச்சு மச்சான். தே ஓ கொசொங். தண்ணி வரும், சீனி இருக்காது.”

மருத்துவர் சீனர். ‘தே ஓ கொசொங்’ மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அம்மாவிடம் குடலிறக்கம் என்று சொல்லச் சொன்னார் மாமா. மாமியாரிடம் வேறு எப்படிச் சொல்வது? நானும் அப்படியே சொன்னேன். அறுவை முடிந்து மாமா கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்து படுத்ததும், அம்மா குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

“மாப்பிள்ளைகிட்ட குடு. அந்தக் கொடலெறக்கத்துக்கு வெச்சிக்கச் சொல்லு” என்றார்.

அன்று மாலை கோழி சூப்பும் வைத்தார். மாமாவுக்கு மட்டும் இரண்டு கால் துண்டு. மாப்பிள்ளைக்கு அவர் அப்படி எடுத்துவைத்து நான் முன்பு பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து மறுபடியும் அதே சாலை, அதே மோட்டார் சைக்கிள், மாமாவின் சட்டைக்குள் அதே மாதிரி ஒரு குப்பி. இந்த முறை விளக்கில் யாரும் வந்து நிற்கவில்லை. அறிக்கை வந்த அன்று மாமா பிரியாணி வாங்கவில்லை. காகிதத்தைப் பிரிக்காமலேயே கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா பிரித்துப் படித்தாள். எண்ணிக்கைக்கு எதிரில் பூஜ்யம் இருந்தது.

“கொசொங்” என்றாள் அக்கா.

மாமா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் பெருமையா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு நின்றார். பிறகு அரவை இயந்திரத்தைக் கழுவி, மூடி, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவைத்தார்.

அக்காவின் இரத்த அழுத்தத்துக்கு இன்னும் மாத்திரை போகிறது. கிளினிக்குக்குப் போகும் நாளில் மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போகிறார். நான் மொழிபெயர்க்கப் போக வேண்டிய அவசியமில்லை. இரண்டு பரிசோதனை, அறுவை சிகிச்சை, மருந்து, மாமா பாலம் தாண்டாத நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் அக்கா ஒரு நாள் என்னைக் கூட்டச் சொன்னாள். பழத்தோடு சும்மா வந்த பப்பாளி விதைக்கு ஒரு காசும் ஆகவில்லை. மற்றதெல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூற்று இருபது ரிங்கிட்.